சிறிய சார்ட்டர் பள்ளிக்கு மகளை மாற்றலாமா?

கேள்வி: அரிசோனா மாநிலம் சாண்ட்லரில் வசிக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். வீட்டுக்கு அருகிலுள்ள மாவட்டப் பொதுப்பள்ளியில் படிக்கிறாள். வகுப்பில் 27 பேர். வாசிப்பில் சற்றுப் பின்தங்கியிருக்கிறாள் என்கிறார் ஆசிரியை. நான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு சிறிய சார்ட்டர் பள்ளியில் லாட்டரி மூலம் இடம் கிடைத்திருக்கிறது. பள்ளியில் மொத்தமே 110 குழந்தைகள், அவள் வகுப்பில் 13 பேர்தான். சுற்றிக் காட்டினார்கள், மிகவும் பிடித்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சார்ட்டர் என்றாலே தரம்தான் என்கிறார் கணவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?
- ஒரு தாய், சாண்ட்லர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவரின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டில் வாசிப்பில் 16 நாள் படிப்புக்கும் கணிதத்தில் 6 நாள் படிப்புக்கும் இணையான அளவு கூடுதலாகக் கற்கிறார்கள். ஆனால் அது சராசரி. அதே மையம் 2009இல் ஆராய்ந்தபோது, கணிதத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் பொதுப்பள்ளிகளை விட மேலாகவும் 37 சதவீதம் கீழாகவும் இருந்தன. அருமையான பள்ளிக்கும் படுமோசமான பள்ளிக்கும் பெயர் ஒன்றுதான். அரசுப் பணத்தில், கட்டணம் இல்லாமல், மாவட்ட நிர்வாகத்துக்கு வெளியே தனி அமைப்பு நடத்தும் பள்ளி என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் உறுதி சொல்லவில்லை. அரிசோனாவில் 1994 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, மகள் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள் என்ற வரி. அவள் போகப்போவது மூன்றாம் வகுப்புக்கு. ‘மூவ் ஆன் வென் ரீடிங்’ என்ற மாநிலச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்றாம் வகுப்பு மாநிலத் தேர்வில் வாசிப்பு மிகவும் கீழ்நிலையில் இருந்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பிள்ளையை நான்காம் வகுப்புக்கு ஏற்றிவிட முடியாது. மாவட்டப் பள்ளிக்கும் சார்ட்டர் பள்ளிக்கும் இந்தச் சட்டம் பொது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, “சற்றுப் பின்தங்கிய” பிள்ளைகளில் பெரும்பாலோர் சரியான உதவி கிடைத்தால் மேலே வந்துவிடுவார்கள். ஆனால் அந்த உதவியை யார் தருவார்கள் என்று தெரியாமல் இந்த ஆண்டில் பள்ளியை மாற்றக்கூடாது.

ஆகவே முதல்வரிடம் இப்படிக் கேளுங்கள்: “வாசிப்பில் பின்தங்கிய குழந்தைக்கு இங்கே யார் சொல்லிக்கொடுக்கிறார்? வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம்?” ஓர் ஆளின் பெயர் பதிலாக வர வேண்டும். “எல்லோரும் தனிக்கவனம் செலுத்துவோம்” என்ற பதில் போதாது. அந்த ஆளைச் சந்திக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அரிசோனாவில் சார்ட்டர் பள்ளி ஆசிரியர்களுக்கு, சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் நீங்கலாக, மாநிலச் சான்றிதழ் கட்டாயமில்லை. சான்றிதழ் இல்லாமலே அற்புதமாகக் கற்பிப்பவர்கள் உண்டு. இருந்தாலும் வாசிப்பைக் கற்பிக்க எங்கே, எப்படிப் பயிற்சி பெற்றார் என்று கேட்பது தாயின் உரிமை.

சுற்றிக் காட்டும்போது தோட்டத்தையும் ரோபோ மேசையையும் காட்டுவார்கள். நீங்கள் வாசிப்பு நேரத்தில் ஒரு வகுப்பின் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு குழந்தை தவறாக வாசிக்கும்வரை காத்திருங்கள். புத்தகத்தில் ‘ஹார்ஸ்’ என்று இருக்கும். குழந்தை படத்தைப் பார்த்துவிட்டு ‘போனி’ என்று சொல்லும். விஷயம் தெரிந்த ஆசிரியை அந்தச் சொல்லின் கீழே விரலை வைத்து, முதல் எழுத்தின் ஒலியிலிருந்து குழந்தையை மறுபடியும் கொண்டுபோவார். வேறொருவர், பொருள் சரியாகத்தானே வருகிறது என்று விட்டுவிடுவார், அல்லது படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்வார். இரண்டாவது வகை ஆசிரியையின் வகுப்பில் 13 பேர்தான் இருந்தாலும் உங்கள் மகள் ஊகித்து ஊகித்தே ஆண்டைக் கடத்திவிடுவாள். அந்த ஒரு குழந்தையோடு ஆசிரியை இருக்கும்போது மற்ற பன்னிரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அனுமதி மறுத்தால் காரணம் கேளுங்கள்.

இதே கேள்வியை இப்போதைய பள்ளியிலும் கேட்டாக வேண்டும். 27 பேர் வகுப்பு என்பது நெரிசல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய மாவட்டங்களில் வாசிப்புக்கென்றே தனி ஆசிரியர் இருப்பதும், ஐந்தாறு பிள்ளைகளைத் தினமும் தனியே அழைத்துச் சென்று சொல்லிக்கொடுப்பதும் உண்டு. உங்கள் மகளுக்கு அப்படி ஏதாவது ஏற்கெனவே நடக்கிறதா? அவளுடைய வாசிப்பு மதிப்பெண்களின் நகலைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கற்றல் குறைபாடோ என்ற சந்தேகம் உங்களுக்குத் துளியாவது இருந்தால், மதிப்பீடு செய்யும்படி எழுத்து மூலம் கேளுங்கள். எந்தப் பொதுப்பள்ளியும், சார்ட்டர் உட்பட, மத்தியச் சட்டப்படி இதில் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. “இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு எங்கள் பள்ளி சரிப்பட்டு வராது” என்று சார்ட்டர் பள்ளியில் யாராவது இதமாகச் சொன்னால், அந்த இதத்தில் மயங்காதீர்கள். சட்டம் அனுமதிக்காத காரியம் அது. அதற்கு மேல் அங்கே விசாரிக்க ஒன்றுமில்லை.

இனி பள்ளி நிலைக்குமா என்பது. மாநிலம் தலைக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது. முதல் 100 பள்ளி நாட்களின் மாணவர் எண்ணிக்கைதான் கணக்கு. உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து மாவட்டப் பள்ளிகளுக்கு வரும் கூடுதல் நிதி சார்ட்டர் பள்ளிகளுக்குக் கிடையாது. 110 பிள்ளைகளில் எட்டுப் பேர் விலகினால் ஏறக்குறைய ஓர் ஆசிரியரின் சம்பளமே போய்விடும். ஆகவே நான்கு ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறியதா, இறங்கியதா என்று பாருங்கள். முதல் ஆண்டில் இருந்த ஆசிரியர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? போனவர்கள் ஏன் போனார்கள்? பள்ளி வாசலில் பிள்ளையை அழைக்க வரும் பெற்றோரிடம் பேச்சுக் கொடுத்தாலே பாதி தெரிந்துவிடும். பள்ளியை விட்டு விலகிய குடும்பம் ஒன்றையும் தேடிப் பிடியுங்கள். நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டால் கிடைப்பார்கள்.

அரிசோனாவில் சார்ட்டர் அனுமதி 15 ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு உண்டு. உங்கள் பள்ளிக்கு வயது நான்கு, முதல் மறுஆய்வே இனிமேல்தான். மாநில சார்ட்டர் பள்ளி வாரியத்தின் இணையதளத்தில் பள்ளியின் நிதி நிலையும் கல்வி நிலையும் இருக்கும். ஆண்டுத் தணிக்கை அறிக்கையைப் பள்ளியிடமே கேட்டு வாங்கலாம். அதில் பின்பக்கக் குறிப்புகளைப் படியுங்கள். கட்டடத்தின் உரிமையாளர் யார், வாடகை யாருக்குப் போகிறது என்பதெல்லாம் அங்கே தெரியவரலாம். நிர்வாகக் குழுவில் நிறுவனரின் குடும்பத்தாரைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். குழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. நிகழ்ச்சி நிரலை 24 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். இந்த வாரம் கூட்டம் இருந்தால் கணவரை அனுப்புங்கள்.

தேர்வு விழுக்காடுகளை மட்டும் நம்ப வேண்டாம். 13 பேர் வகுப்பில் ஒரு பிள்ளையே ஏழெட்டு சதவீதம். இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்த ஆண்டில் பள்ளியே சரிந்ததுபோலத் தெரியும். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் முடிவையே வெளியிட மாட்டார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பின்தங்கியிருந்த பிள்ளைகள் ஆண்டு முடிவில் எங்கே வந்தார்கள் என்று, பெயர் இல்லாமல், காட்டச் சொல்லுங்கள். நல்ல சிறிய பள்ளி இதைப் பெருமையோடு காட்டும்.

பஸ், மதிய உணவு ஆகியவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். சார்ட்டர் பள்ளி பஸ் விட வேண்டிய கட்டாயமில்லை. நன்கொடை கேட்பார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, அதை வைத்து இடம் தரவோ மறுக்கவோ முடியாது.

பள்ளி நடுவில் மூடிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுவீர்கள். உங்கள் வீடு இப்போதைய பள்ளியின் எல்லைக்குள் இருந்தால் அவர்கள் மகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லைக்கு வெளியே இருந்து இடம் வாங்கியிருந்தால் அந்த இடம் காத்திருக்காது. இதை மாவட்ட அலுவலகத்தில் இன்றே உறுதிசெய்யுங்கள்.

நீங்கள் கேட்டதால் என் கருத்தைச் சொல்கிறேன். வாசிப்புக்கென்று ஓர் ஆள் அங்கே இருந்து, அவர் கற்பிப்பதை நீங்களே பார்த்து, ஆசிரியர்களும் நிலையாக இருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். 13 பேர் வகுப்பு அப்போது உண்மையிலேயே கொடுப்பினை. அந்த ஆள் இல்லையென்றால் மூன்றாம் வகுப்பை இப்போதைய பள்ளியிலேயே முடிக்கட்டும், அடுத்த ஆண்டு மறுபடியும் லாட்டரியில் பெயர் கொடுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் உடனே பள்ளிக்குத் தெரிவித்துவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் அடுத்த குழந்தையின் வீட்டிலும் இதே யோசனைக்கு நாள் வேண்டும்.