குடிக்காத குதிரைக்கு உப்பு

அன்புள்ள அக்கா,

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒன்பது வயது தோரோபிரெட் குதிரை ஒன்றை வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் நான்கு மாதத்தில் 40 கி.மீ. எண்டூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரை) ஓட்டத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்த ஆசை. வார நாள்களில் வேலை, நேரமில்லை. ஞாயிறு காலை மட்டும் செம்பனைத் தோட்டத்துக்குள் 20 கி.மீ., பெரும்பாலும் கேன்டர் (மிதமான பாய்ச்சல்). மூச்சு அருமையாக இருக்கிறது. போன ஞாயிறு திரும்பி வந்ததும் வாளித் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவ்வளவு வியர்வை போயிருக்கிறதே என்று எலக்ட்ரோலைட் (உப்புச்சத்து) பசை இரண்டு குழாய் வாயில் ஏற்றினேன். சாயங்காலம் வரை மந்தமாகவே நின்றது. அடுத்த தடவை மூன்று குழாய் கொடுக்கலாமா? சூடாக இருக்கும் குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்கிறார் எங்கள் சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்). சரியா? எந்தச் சேணம் வாங்கலாம்?

ம., ரவாங், மலேசியா

அன்புள்ள தம்பி,

சேணம் இருக்கட்டும். அந்த இரண்டு குழாய் என்னை உட்காரவிடவில்லை. குடிக்காத குதிரைக்கு உப்பு ஏற்றும் பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வாரமாகவே நினைத்திருந்தேன். இனி ஒரு குழாய்கூட வேண்டாம், அது தண்ணீர் குடிக்கும் வரை.

காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். நம் வியர்வை நம் இரத்தத்தைவிட உப்புக் குறைவானது. வியர்க்க வியர்க்க உள்ளே மிஞ்சும் இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறும், மூளை ‘தண்ணீர் குடி’ என்று கத்தும். குதிரைக்கு அப்படியில்லை. அதன் வியர்வை இரத்தத்தின் அளவுக்கே உப்பானது, சில நேரம் இன்னும் கூடுதல். தண்ணீரும் உப்பும் ஒன்றாகவே வெளியேறுவதால் உள்ளே செறிவு ஏறுவதில்லை, தாகமும் எழுவதில்லை. நம் வெப்பத்தில் கேன்டரில் போகும் குதிரைக்கு மணிக்கு 10 லிட்டர்கூட வியர்த்துவிடும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் உப்புகள். ஆக, உங்கள் குதிரை வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பியது தெம்பாக இருந்ததால் அல்ல. காய்ந்துபோயிருந்தது, அது அதற்கே தெரியவில்லை.

அந்த நிலையில் கெட்டியான உப்புப் பசையை உள்ளே தள்ளினீர்கள். உப்பு குடலில் சும்மா கிடக்காது. தன்னைக் கரைத்துக்கொள்ளத் தண்ணீர் கேட்கும், வெளியிலிருந்து வராவிட்டால் உடம்பிலிருந்தே இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே காய்ந்த இரத்தம் இன்னும் கெட்டியாகும், குடல் அசைவு மந்தமாகும். வெறும் வயிறாக இருந்தால் இரைப்பையின் உள்தோலையும் அரிக்கும். சாயங்காலம் வரை மந்தமாக நின்றது என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். குடல் வலியாகத் திரும்பியிருந்தால் கதையே வேறு. விலாவில் காதை வைத்துப் பார்த்தீர்களா? இடம் வலம் இரு பக்கமும், மேலும் கீழும் கேட்க வேண்டும். களகளவென்று சத்தம் இருந்தால் நிம்மதி. அமைதியாக இருந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

குடிக்கக் கற்றுக்கொடுப்பதும் பயிற்சிதான், ஓடக் கற்றுக்கொடுப்பதைப் போல. இன்றே தொடங்குங்கள். தினம் 30 கிராமிலிருந்து 50 கிராம் வரை சாதாரண உப்பு, தீனியில் பிரித்துப் போடுங்கள், பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும். ஓடி வந்த முதல் சில நிமிடத்தில் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த வாளியை முதலில் காட்டுங்கள். அந்த நேரத்தில் பல குதிரைகள் உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும், அதன்பிறகு வெறும் தண்ணீரையும் கேட்கும். பழக்காமல் போட்டியன்று முதல் தடவையாக நீட்டினால் தொடாது. தொடவே இல்லையென்றால் நனைத்த வைக்கோலும், கஞ்சிபோல் தளர்த்திய ஈரத் தீனியும் கொடுங்கள். குதிரை தின்றுவிட்டுக் குடிக்கும் பிராணி. வழியில் ஓடையோ குட்டையோ வந்தால் நின்று, கடிவாளத்தைத் தளர்த்தி, மூன்று நிமிடம் சும்மா இருங்கள். முதல் மடக்குக்குப் பிறகு தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கும். போதும் என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள், மறுபடி குனியும். குடித்தது உறுதியான பிறகுதான் எலக்ட்ரோலைட், அதுவும் சிறுசிறு அளவாக, தீனியோடு. சாதாரண உப்பு இரண்டு பங்கு, பொட்டாசியம் குளோரைடு ஒரு பங்கு இருந்தால் போதும். சமையல் சோடா கலந்த பொடி வேண்டாம். நீண்ட தூரம் வியர்க்கும் குதிரையின் இரத்தம் காரப்பக்கமாகவே சாய்கிறது, சோடா அதை இன்னும் சாய்க்கும்.

இழப்பைக் கையாலேயே அளந்து பார்க்கலாம். தோள்மூட்டின் மேல் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படிய வேண்டும், கூடாரம்போல் நின்றால் நீர் வற்றியிருக்கிறது. மேல் உதட்டைத் தூக்கிப் பல் ஈறின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாக வேண்டும். வீட்டில் ஓய்வாக நிற்கும்போதே இரண்டையும் பத்து நாள் செய்து பழகுங்கள். உங்கள் குதிரைக்கு எது இயல்பு என்று அப்போதுதான் கைக்குத் தெரியும்.

சைஸ் சொன்னதைக் கேட்காதீர்கள். அன்பினால்தான் சொல்கிறார், ஆனாலும் தவறு. ஓடி வந்த குதிரைமேல் குளிர்ந்த தண்ணீரை, ஐஸ் போட்டதையே, உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள். கழுத்து, நெஞ்சு, தொடையின் உள்பக்கம், வயிறு எல்லாம். ஊற்றுவதை நிறுத்தி வழித்தெடுத்துக் கொண்டிருக்க வேண்டாம், அடுத்த வாளி பழைய சூட்டைத் தானே அடித்துச் செல்லும். ஈரத்துண்டைப் போர்த்தாதீர்கள், சூடு அடியிலேயே தங்கிவிடும். மின்விசிறி நல்லது. ஃபாரன்ஹீட் வெப்பநிலையோடு ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டி, 150 தாண்டினால் கவனம், 180 தாண்டினால் ஓட்டாதே என்றொரு வெளிநாட்டுக் கணக்கு உண்டு. நம் ஊரில் காலை ஆறு மணிக்கு 77-உம் 95-உம் சேர்ந்து 172. மதியம் 90-உம் 65-உம் 155. அந்தக் கணக்கை நம்பினால் உச்சி வெயிலில் ஓட்ட வேண்டியதுதான்! விடியற்காலையே நல்லது. காற்று குளிர்ச்சி, வெயில் இல்லை. ஆனால் நம் விடியலிலும் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும், சொட்டிய வியர்வை குளிர்விப்பதில்லை. அதனால்தான் வாளி.

இன்னொரு பயம். நம் பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. இந்தப் புழுக்கத்தில் சிலவற்றுக்கு மெல்ல மெல்ல வியர்வையே நின்றுவிடும். கழுத்து காய்ந்து, விலா அடித்துக்கொண்டு நின்றால், ஆசனவாய் வெப்பமானியில் 40 டிகிரி செல்சியஸ் தாண்டினால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூச்சு அருமை என்றீர்கள். இருக்கும்தான், பந்தயம் ஓடிய குதிரை. நுரையீரலும் தசையும் இரண்டு மூன்று மாதத்தில் தேறிவிடும். தசைநாண் ஆறு மாதத்துக்கு மேல் கேட்கும், எலும்பு அதற்கும் மேல். மூச்சு போதும் என்று காட்டும்போது கால் இன்னும் தயாராகியிருக்காது. ஞாயிறு மட்டும் 20 கி.மீ. கேன்டர் என்பது குதிரையின் காலை உடைக்கும் வழி. வாரத்தில் இரண்டு நாள் விடியலில் 8 கி.மீ., நடையும் மெதுவான டிராட்டும் (துள்ளோட்டம்). ஞாயிறு 12. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் கூட்டுங்கள், வேகத்தை அதே வாரத்தில் கூட்டாதீர்கள். இறங்கியதும் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத்துடிப்பை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பத்து நிமிடத்தில் 64-க்குக் கீழே வராவிட்டால் அன்றைய வேகம் அதிகம். போட்டியில் மருத்துவர் பார்ப்பதும் இதே துடிப்பைத்தான். 2008-இல் திரெங்கானு, செத்தியூவில் எண்டூரன்ஸ் உலக வாகையர் போட்டியில் வென்ற ஸ்பெயின் நாட்டு மரியா அல்வாரெஸ் பொன்டோனின் குதிரை நோபி, 2010-இல் அமெரிக்காவின் கென்டக்கியிலும் வென்றது. இரண்டு ஆண்டு கழித்தும் அந்தக் கால்கள் 160 கி.மீ. தாங்கின. நான்கு மாதம் போதாது என்றால் எட்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், 40 கி.மீ. எங்கும் ஓடிப்போகாது.

டிராட்டில் எழுந்து உட்காரும்போது கிலோமீட்டருக்கு ஒருமுறை பக்கத்தை, அதாவது எந்த முன்னங்காலோடு எழுகிறீர்கள் என்பதை, மாற்றுங்கள். ஒரே பக்கமாக எழுந்தால் குதிரையின் முதுகில் ஒரு பாதி மட்டும் நோகும். இறக்கத்தில் இறங்கி நடங்கள். போட்டிக்கு ஒரு வாரம் முந்தியே லாடம் அடித்து முடித்திருக்க வேண்டும், முந்தின நாள் அல்ல. தவிட்டைக் குறையுங்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், நம் செட்டாரியா, கினி புற்களில் ஆக்சலேட்டு, இரண்டும் சேர்ந்து எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்கும்.

சேணம் கேட்டிருந்தீர்கள். பெயர் பார்த்து வாங்காதீர்கள். இப்போது இருப்பதை வைத்து 10 கி.மீ. போய்வந்து, உடனே கழற்றி முதுகைப் பாருங்கள். முழுக்க ஈரமாக இருக்கும் இடத்தில் நடுவே உள்ளங்கை அகலம் உலர்ந்த திட்டு தெரிந்தால், அங்கே சேணம் அதிகமாக அழுத்துகிறது, அல்லது தொடவே இல்லை. அந்தத் திட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். அதோடு, வரும் செவ்வாய் 8 கி.மீ. முடித்து வந்த பத்தாவது நிமிட நாடித்துடிப்பையும், எத்தனை லிட்டர் குடித்தது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா