வீட்டு லேத்தில் பழைய இராணுவ லாரியின் பாகங்களைச் செய்துகொள்ள முடியுமா?

இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜிஎம்சி லாரி ஒன்றைப் புதுப்பிக்கத் தொடங்கியிருப்பதாகவும், கையில் ஒரு சீனத் தயாரிப்புச் சிறு லேத் (கடைசல் இயந்திரம்) இருப்பதாகவும், கடையில் கிடைக்காத புஷ் (தண்டைத் தாங்கும் உள்வளையம்), கிளெவிஸ் பின் (இணைப்புகளைக் கோக்கும், தலையுள்ள ஊசி), ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) போன்றவற்றை அதிலேயே கடைந்துகொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவற்றைச் செய்ய முடியும். நான் இங்கிலாந்தில் ஒரு பழைய மைஃபோர்டு எம்எல்7 லேத்தை வைத்துக்கொண்டு, நண்பர்களின் போர்க்கால வாகனங்களுக்கு இவ்வகைப் பாகங்களைச் செய்து வருகிறேன். என் அனுபவத்தில், கடைவது இந்த வேலையின் எளிய பாதி. எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் கடினமான பாதி.

காரணம், உங்கள் கையில் மாதிரியாக இருப்பது எண்பது ஆண்டுகள் தேய்ந்த பாகம். அதை மைக்ரோமீட்டரில் அளந்து அப்படியே செய்தால், தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுத்தவர் ஆவீர்கள். எனவே தேயாத இடத்தைத் தேடி அளக்க வேண்டும். கிளெவிஸ் பின்னில் தலைக்கு அடியில் ஒட்டிய ஒரு சிறு வளையமும், காட்டர் பின் (கழலாமல் பூட்டும் கம்பி) நுழையும் துளையைச் சுற்றிய நுனியும் பெரும்பாலும் தேய்ந்திருக்காது. புஷ்ஷின் உள்துளை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தாலும், அதன் வெளிவிட்டம் அது அமர்ந்திருந்த கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் வெளியே எடுக்கும்போது புஷ் சிதைவதுண்டு என்பதால், நான் கூட்டின் துளையையே அளக்கிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர்கள் அங்குலப் பின்னங்களில் வேலை செய்தவர்கள் என்பதால், தேயாத இடத்தில் 0.873 அங்குலம் என்று வந்தால் மூல அளவு 7/8 அங்குலம், அதாவது 0.875, என்று பெரும்பாலும் நம்பலாம். ஊகத்தைச் சரிபார்க்க, உங்கள் லாரி ஜிஎம்சியின் சிசிகேடபிள்யூ வகை என்றால், அமெரிக்க இராணுவத்தின் டிஎம் 9-801 என்ற கையேடும், ஜி-508 என்ற எண்ணில் அறியப்படும் உதிரிபாகப் பட்டியலும் உள்ளன. ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள இந்த லாரிகளில் பல, போருக்குப் பின் பிரெஞ்சு இராணுவத்தில் நெடுங்காலம் ஓடியவை. இடையில் யாரோ ஒருவர் துளையைப் பெரிதாக்கித் தம் அளவுக்குப் புஷ் போட்டிருக்கக்கூடும். ஆகவே கையேடு சொல்லும் அளவைவிட உங்கள் முன் இருக்கும் துளையின் அளவே இறுதியானது.

அடுத்த கண்ணி மரையில், அதாவது திருகுப் புரியில், இருக்கிறது. போர்க்கால அமெரிக்க வாகனங்களின் மரைக்கோணம் 60 பாகை. அதே காலத்து பிரிட்டிஷ் விட்வொர்த் (பருமரை), பிஎஸ்எஃப் (நுண்மரை) ஆகியவற்றின் கோணம் 55 பாகை. கால் அங்குலம், 5/16, 3/8, 7/16 ஆகிய அளவுகளில் விட்வொர்த்துக்கும் அமெரிக்கப் பருமரைக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்ற கணக்கு ஒன்றே (20, 18, 16, 14). அதனால் நட் ஏறிவிடும், ஏறியபின் பக்கச்சுவர்கள் சரியாகப் பொருந்தாமல் இருக்கும். அரை அங்குலத்தில் மட்டும் விட்வொர்த் 12, அமெரிக்க மரை 13. அங்கே இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகும். அப்படி இறுகும்போது ஸ்பேனரில் குழாயை மாட்டித் திருகிவிட்டவர்கள் உங்களுக்கு முன்பே இருந்திருப்பார்கள். நுண்மரையில் குழப்பம் குறைவு: அரை அங்குலத்தில் அமெரிக்க மரை 20, பிஎஸ்எஃப் 16. போரில் நேச நாடுகளின் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்ற முடியாமல் போன இந்தத் தொல்லையால்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-இல் ஒருங்கிணைந்த மரைத் தரத்துக்கு உடன்பட்டன. அத்தரம் 60 பாகையை ஏற்றதால், இன்று கடையில் கிடைக்கும் யூஎன்சி (பருமரை), யூஎன்எஃப் (நுண்மரை) டேப்களும் டைகளும், அதாவது உள்மரையும் வெளிமரையும் வெட்டும் கருவிகள், உங்கள் லாரிக்குப் பொருந்தும். மரை கேஜ் இரண்டு, 55-க்கு ஒன்றும் 60-க்கு ஒன்றும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடக்கை மரையையும் இந்த லாரிகளில் சந்திப்பீர்கள். அதற்கு லேத் வழக்கமான திசையிலேயே சுற்ற, டூல், வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கின் பக்கத்திலிருந்து லேத்தின் மறுமுனையிலுள்ள டெயில் ஸ்டாக் நோக்கி நகர வேண்டும். டூல் இறங்க ஒரு பள்ளத்தை முதலில் வெட்டிக்கொண்டால் போதும். பலர் அஞ்சும் அளவுக்கு இது கடினமானதன்று.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். குமிழ், இடைவளையம், பானெட் கொக்கியின் அச்சு போன்ற சுமையற்ற பாகங்களுக்கு இஎன்1ஏ என்ற எளிதில் வெட்டுப்படும் எஃகு போதும். வெண்ணெய்போல் இருக்கும், ஆனால் ஈயம் கலந்த வகையாக இருந்தால் அதில் வெல்டிங் வைக்காதீர்கள். கைப்பிரேக் இணைப்புகளின் பின்களுக்கு இஎன்8 என்ற வலிமை கூடிய எஃகை எடுக்கிறேன். புஷ்களுக்கு எஸ்ஏஇ 660 என்ற ஈய வெண்கலம் நல்லது. பழைய அச்சுத்தண்டுத் துண்டு, பெயர் தெரியாத இரும்புக்கம்பி ஆகியவற்றை இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பயன்படுத்துவோர் உண்டு. எதுவென்று தெரியாத உலோகத்தில் மூன்று மணி நேர உழைப்பைக் கொட்டுவதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

புஷ் செய்யும்போது ஒரு வரிசை முக்கியம். ஓர் அங்குல விட்டத்தில், துளையைவிட ஏறத்தாழ 0.0015 அங்குலம் பெரியதாக வெளிவிட்டம் இருந்தால் அழுத்தி ஏற்றியபின் அசையாது. ஆனால் ஏறியபின் உள்துளை ஏறக்குறைய அதே அளவு சுருங்கும். ஆகவே உள்துளையைச் சற்றுச் சிறியதாக விட்டுவிட்டு, கூட்டில் ஏற்றியபின் ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்டுத் தண்டுக்கு ஏற்ற இடைவெளியைக் கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரிலும் ஸ்டார்ட்டரிலும் வரும், எண்ணெய் ஊறிய துகள் வெண்கல புஷ்கள் இதற்கு விதிவிலக்கு: ரீமர் அவற்றின் நுண்துளைகளை அடைத்துவிடும் என்பதால், அவற்றைச் சரியான அளவில் விலைக்கு வாங்கிப் போடுவதே மேல்.

இனி, எதைச் செய்யக்கூடாது என்பது. சக்கர ஸ்டட்கள், ஸ்டியரிங் இணைப்பின் பந்துமுனைகள், பிரேக் அழுத்தத்தைத் தாங்கும் பாகங்கள் ஆகியவற்றை நான் செய்து கொடுப்பதில்லை, யார் கேட்டாலும். தொழிற்சாலை ஸ்டட்டின் மரை உருட்டி உருவாக்கப்படுவது. லேத்தில் வெட்டும் மரையின் அடிப்பள்ளம் விரிசல் தொடங்குவதற்குத் தோதான இடம். அத்துடன் வெப்பப் பதனிடலும் சேர்கிறது. வீட்டில் சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் முக்குவதால் கிடைக்கும் கடினத்தை நம்பி, சாலையில் ஒரு கனரக லாரியை ஓட்ட முடியாது. மேலும், இந்த லாரியின் பிரேக் டிரம் எம்எல்7-இன் இடைவெளிப் படுக்கை (பெரிய விட்டத்துக்காகச் சக்கின் அருகே பள்ளம் விட்ட படுக்கை) ஏற்கும் 10 அங்குலத்தைவிடப் பெரியது. உங்கள் சிறு லேத்தில் கேட்கவே வேண்டாம். அதைப் பெரிய லேத் உள்ள பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

புதியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று உண்டு: லேத் எனக்கு அதிகம் உதவுவது பாகங்களுக்கு அல்ல, கருவிகளுக்கு. புஷ் ஏற்றும் படிக்கட்டு வடிவத் தண்டு, ஆயில் சீலைச் சாயாமல் அடித்து இறக்கும் வட்டு, கிளட்ச் தட்டை மையப்படுத்தும் போலித்தண்டு ஆகியவற்றை அலுமினியத்தில் ஒரு மாலையில் செய்துவிடலாம். முதல் பயிற்சிக்கு இவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அளவு சற்றுத் தவறினாலும் லாரிக்குக் கேடில்லை.

உங்கள் லேத்தின் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீண்ட திருகு) 1.5 மில்லிமீட்டர் புரியிடை கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் அங்குல மரை வெட்ட 127 பல் சக்கரம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப்படி அது சரி, ஆனால் அது உங்கள் லேத்தின் பற்சக்கரங்களை மூடும் சிறு மூடிக்குள் அடங்காது. பதிலாக 63 பல் சக்கரம் ஒன்றை வாங்குங்கள். அங்குலத்துக்கு 20 மரை வெட்ட, ஓட்டும் சக்கரங்கள் இரண்டும் 40 பல், ஓட்டப்படுபவை 63, 30 பல் என்று அமைத்தால் எட்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே பிழை வரும். ஸ்டட்டின் நீளத்துக்கு அது பொருட்டே அல்ல. டூலை லீட் ஸ்க்ரூவுடன் இணைக்கும் அரை நட்டை மட்டும் மரை முடியும்வரை திறக்காதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் டூலை வெளியே இழுத்து, மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றியே தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். என் எம்எல்7-இல் சக் மரையால் ஏறியிருப்பதால் அப்படிச் சுற்றினால் கழன்றுவிடுமோ என்ற அச்சம் எப்போதும் உண்டு. உங்களுடையதில் சக் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருப்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.