லினக்ஸ் இயங்குதளத்தின் இரு வகைகளில், ஆல்பைன் நொடிகளில் முடிக்கும் மென்பொருள் நிறுவலை டெபியன் நிமிடக்கணக்கில் இழுப்பது ஏன்? அதை வேகப்படுத்தலாமா?

ஏற்காட்டில் ஒரு கல்விக்கூடத்தின் பழைய டெபியன் கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அனைத்தும் ஹார்டு டிஸ்க் காலத்தவை. நானும் முதலில் மலைமேல் கிடைக்கும் இணைய இணைப்பைத்தான் பழித்தேன். பிறகு ஒருமுறை, தேவையான பொதிகள் (நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்புகள்) எல்லாவற்றையும் சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டிலேயே பதிவிறக்கி, பென் டிரைவில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி எடுத்துச் சென்று நிறுவினேன். அப்போதும் நேரம் பெரிதாகக் குறையவில்லை.

காரணம் வட்டில் எழுதும் முறையில் இருக்கிறது. டெபியனில் பொதிகளை நிறுவும் நிரலான டிபிகேஜி ஒவ்வொரு கோப்பையும் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, அது உண்மையிலேயே வட்டில் பதிந்துவிட்டதை எஃப்சிங்க் அழைப்பின் மூலம் உறுதி செய்துகொண்ட பிறகே பழைய கோப்பின் இடத்தில் வைக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட பொதி என்றால், சுழலும் வட்டு திணறிப்போகும். மேலும், நிறுவப்பட்ட ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனிக் கோப்புப் பட்டியல் இருப்பதால், வேலையைத் தொடங்கும்போதே அவற்றையெல்லாம் அது படித்தாக வேண்டும். ஆல்பைனில் அதே வேலையைச் செய்யும் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஏபிகே வேறு) அந்த விவரங்களை ஒரே கோப்பில் வைத்திருக்கிறது. கையேடுகளையும் தனிப் பொதிகளாகப் பிரித்துவிடுவதால், எழுத வேண்டிய கோப்புகளே அங்கு குறைவு.

சார்புகளைத் தீர்ப்பது, அதாவது ஒரு பொதிக்கு வேறு எந்தப் பொதிகள் தேவை எனக் கண்டறிவது, கோட்பாட்டளவில் என்பி-முழுமைச் சிக்கல் (தீர்க்க மிக நீண்ட நேரம் எடுக்கக்கூடிய வகை) என்றாலும், அன்றாட நிறுவலில் நேரத்தைத் தின்பது அதுவன்று. பொதிகளைச் சுருக்கி வைக்கும் முறைக்கு அதைவிட அதிகப் பங்கு உண்டு. ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகை, எக்ஸ்இசட் என்ற சுருக்க முறையிலிருந்து இசட்ஸ்டாண்டர்டுக்கு மாறியபோது பொதிகளின் மொத்த அளவு சுமார் 0.8 விழுக்காடே கூடியது. விரிக்கும் வேகமோ சுமார் 1300 விழுக்காடு உயர்ந்ததாக 2020 ஜனவரியில் அறிவித்தார்கள்.

வேகப்படுத்த வழி உண்டா என்றால், உண்டு. எஃப்சிங்க்கைச் செயலற்றதாக்கும் ஒரு கருவியின் பெயர் ஈட்மைடேட்டா, அதாவது ‘என் தரவைத் தின்றுவிடு’. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் நான் அதைப் பயன்படுத்தினேன். மே மாத மழையில், மேம்படுத்தல் பாதியில் இருந்தபோது மின்சாரம் போனது. யூபிஎஸ் பேட்டரியும் கைகொடுக்கவில்லை. மீண்டும் இயக்கியபோது பல கோப்புகள் பெயரளவில் இருந்தன, உள்ளே ஒரு பைட்டும் இல்லை. 2010இல் இத்தகைய வெற்றுக் கோப்புத் தொல்லைக்காகத்தான் டிபிகேஜியில் அந்த எஃப்சிங்க்கையே சேர்த்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, உடைந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக உருவாக்கக்கூடிய கன்டெய்னரில் (கணினிக்குள் தனியாக ஓடும் மென்பொருள் சூழலில்) அந்தப் பாதுகாப்பைத் தயங்காமல் நீக்குங்கள். கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் மென்பொருளுக்கான டெபியன் படிமங்களே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. நேரடியாக மின்சாரத்தை நம்பி ஓடும் கணினியில் அதைத் தொடாதீர்கள். நிக்ஸ் என்ற பொதி மேலாளர் போல, புதிய பதிப்பைத் தனி அடைவில் வைத்துவிட்டு இணைப்பை மட்டும் மாற்றும் ஏற்பாடு இன்னும் பாதுகாப்பானது. ஆனால் பழைய பதிப்புகளும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், எங்கள் சிறிய வட்டுகள் அதைத் தாங்கா. இப்போது ஒரு கணினியில், பதிவிறக்கிய பொதிகளைச் சேமித்துவைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிரலை வைத்து, மற்றவை அதிலிருந்து பொதிகளை எடுத்துக்கொள்ளச் செய்திருக்கிறேன். மேம்படுத்தலை மாணவர்கள் போன பிறகு, மழை இல்லாத மாலைகளில் மட்டும் தொடங்குகிறேன்.