தலைகீழாக அடுக்கப்பட்ட புத்தகங்கள்

கேள்வி: கோத்தகிரியில் ஒன்பது ஆண்டுகளாகச் சிறிய புத்தகக் கடை நடத்துகிறேன். வருகிறவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், அவருக்கு எந்தப் புத்தகம் பொருந்தும் என்று சொல்லிவிடுவேன். ஓய்வுபெற்ற தபால்காரர், தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர், கல்லூரி மாணவி எனப் பலர் என் சொல்லை நம்பியே வாங்குகிறார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகளாக விற்பனை வாடகைக்கே போதவில்லை. சீசனுக்கு வருகிறவர்கள் சாக்லேட்டும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சிறு வயதில் இலங்கையிலிருந்து வந்து 30 ஆண்டுகள் கொழுந்து பறித்த அம்மாவின் பணிக்கொடையில்தான் முன்பணம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மதியம் நான் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது கல்லாவில் இருப்பார். அட்டையின் நிறத்தை வைத்தே கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார். சில நேரம் தலைகீழாக அடுக்கிவிடுவார், எல்லோரும் சிரிப்போம். கடையை மூடு என்று தம்பி நச்சரிக்கிறான். வாசிப்பின் அருமை தெரியாதவன். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: புத்தகக் கடைக்காரர்களிடமிருந்து இதே வருத்தத்தோடு எனக்குப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. உங்கள் பணி மகத்தானது, தளராதீர்கள் என்று நான் எழுதினால், இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டி வைப்பீர்கள். அதை எழுதப் போவதில்லை. 'எல்லோரும் சிரிப்போம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு சொற்களைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

யார் அந்த எல்லோரும்? தபால்காரரும் கணக்கரும் மாணவியும் நீங்களும். உங்கள் அம்மாவும் சேர்ந்து சிரித்தாரா என்று ஒருமுறையாவது அவர் முகத்தைப் பார்த்தீர்களா?

பணிக்கொடைக்குச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: ஓராண்டுப் பணிக்கு 15 நாள் கூலி. 30 ஆண்டுகளுக்கு 450 நாள் கூலி. பனியிலும் அட்டைக்கடியிலும் முதுகில் கூடை சுமந்த ஒரு வாழ்நாளுக்குக் கடைசியில் கையில் தரப்படுவது அவ்வளவுதான், அதை அவர் உங்களிடம் தந்தார். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்களும் அதன் வாசலையே மிதிக்காத பெண்களும் எத்தனையோ பேர். அப்படி எழுத்து மறுக்கப்பட்ட ஒருவர், தமக்கு மறுக்கப்பட்ட பொருளையே விற்பதற்காகத் தம் பணத்தைக் கொடுத்திருக்கிறார். அதைக் கடிதத்தில் முன்பணத்துக்கான விளக்கமாக ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும். உங்களுக்கு இவை தெரிந்திருக்கும், கடையில் எழுதி மாட்டியிருந்தாலும் வியப்பில்லை. முன்பின் தெரியாதவரின் மனத்தை ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்ளும் உங்களுக்கு, ஒன்பது ஆண்டுகளாக உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு உரிய நூல் எது என்று தெரியுமா? அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே என்பீர்கள். நம் ஊர்களில் ஒரு காலத்தில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் திண்ணை விளக்கடியில் உட்கார்ந்து பெரிய எழுத்துப் புத்தகங்களை ராகம் போட்டு வாசிப்பார், தெருவே சுற்றி உட்கார்ந்து கேட்கும். அப்படிக் கேட்டவர்களும் வாசகர்கள்தாம். கற்பிப்பதற்கும் வயது தடையில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் முதியோருக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்டார்கள். உங்கள் அம்மா கொழுந்தையும் முற்றலையும் கண் இமைக்கும் நேரத்தில் பிரித்தறிந்தவர், நூற்றுக்கணக்கான புத்தகங்களை அட்டை நிறத்தால் நினைவில் வைத்திருப்பவர். அந்தக் கண்ணுக்கு 247 எழுத்துகள் ஒரு பொருட்டா? (அவற்றிலும் பாதிக்கு மேல் கொம்பும் காலும் விசிறியும் சேர்த்துக்கொள்வதுதான்.) கற்பிக்க உங்களுக்கு நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசற்படி ஏறுவோர் இல்லாமல், அலமாரியில் ராமபாணப் பூச்சி தேடிக்கொண்டிருக்கும் நாள்கள் எத்தனை!

தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு வாசிப்பின் அருமை தெரியாமல் இருக்கலாம், ஆனால் அம்மாவின் பணம் கரைவது அவருக்குத் தெரிகிறது, அதைச் சொல்ல மகனாக அவருக்கு முழு உரிமை உண்டு. அவரை மட்டந்தட்டுவதற்குப் புத்தகத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள். பெற்றவரின் கடைசிக் காசை வாங்கிய பிள்ளை, மகனானாலும் மகளானாலும், கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இந்தப் பணம் திரும்பும்வரை அது உங்கள் கடையே அல்ல, அம்மாவுடையது. கையில் வேறு சேமிப்பு ஏதும் அவருக்கு இருந்தால், வாடகைப் பாக்கிக்கு அதைத் தொடாதீர்கள்.

விற்பனையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே சுருக்கமாக ஒன்று. சாக்லேட் வாங்க வருகிறவர்களுக்காகக் கண்ணாடி அலமாரியை அலங்கரிப்பதை நிறுத்துங்கள்; அவர்கள் மே மாதத்தோடு இறங்கிப் போய்விடுவார்கள். சம்பள நாளில் தோட்டத்து லைன் வீடுகளுக்கு ஒரு பை நிறையப் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களோடு போங்கள், அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே எந்த வீட்டில் எந்தப் பிள்ளை படிக்கிறது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

நாளை மதியம் வீட்டுக்குப் போகாதீர்கள். சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவரச் செய்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், பிறகு அவர் கையால் ஒரு புத்தகத்தை எடுக்கச் சொல்லி, எந்த நிறத்தை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தை வாய்விட்டு வாசியுங்கள். அது முடிந்ததும் கணக்கு நோட்டைத் திறந்து வாடகை இவ்வளவு, விற்பனை இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று மறைக்காமல் சொல்லி, கடையை என்ன செய்யலாம் என்று அவரிடம் கேளுங்கள். மூடு என்றால் மூடிவிடுங்கள். நடத்து என்றால், அதைத் தம்பியிடம் அவரே சொல்லிக்கொள்வார்.