பறவையுடன் நிற்கும் பெண்: பழைய பிரெஞ்சு வெண்கலச் சிலைதானா என்று எப்படி அறிவது?

கையில் பறவை ஏந்திய பெண்ணின் சிலையொன்று விற்பனைக்கு வந்திருப்பதாகவும், பீடத்தில் ‘ஓகுஸ்த் மொரோ’ என்ற பிரெஞ்சுச் சிற்பியின் கையொப்பம் இருப்பதால் அதை 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வெண்கலம் என்று நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய சிலைகளைச் சேகரிப்பவன் என்ற முறையில், கையொப்பத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்றே சொல்வேன். அது மூல மாதிரியிலேயே இடப்பட்டிருந்தால், அச்செடுத்து வார்க்கும் ஒவ்வொரு படியிலும், அது நேற்று வார்த்ததாகவே இருந்தாலும், தானாக வந்துவிடும். மொரோவின் பெயருக்குச் சந்தையில் மதிப்பு அதிகம் என்பதால், பிற்கால நகல்களில் அது தாராளமாகவே காணப்படுகிறது.

முதலில் உலோகத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். வெண்கலம் வாங்க இயலாதவர்களுக்காக, அக்காலத்தில் துத்தநாகக் கலவையில் வார்த்து வெண்கல நிறம் பூசிய சிலைகளும் பிரான்சில் ஏராளமாக விற்பனையாயின. விற்பவர் அனுமதித்தால், பீடத்தின் உட்புறத்தில் ஊசிமுனையால் மெல்லக் கீறிப் பாருங்கள். வெண்கலம் பொன்னிறமாகவும் துத்தநாகம் சாம்பல் நிறமாகவும் தெரியும். காந்தம் இரண்டிலும் ஒட்டாது என்பதால், அந்தச் சோதனை இங்கே உதவாது.

அடுத்து, பறவையைக் கவனியுங்கள். உண்மையில் சிலையின் தரம் முகத்தைவிட அதில்தான் வெளிப்படும். நல்ல பட்டறைகளில், வார்ப்புக்குப் பின் இறகுகளை ஒவ்வொன்றாகச் சிற்றுளியால் செதுக்கிக் கூர்மைப்படுத்துவார்கள்; பறவை தனியே வார்த்துப் பொருத்தப்பட்டிருந்தால், இணைப்பும் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. முடிந்த சிலையிலிருந்தே அச்செடுத்த நகலிலோ இறகுகள் மழுங்கியிருக்கும். உலோகம் குளிரும்போது சுருங்குவதால் உயரமும் சற்றுக் குறைந்திருக்கும். ஆனால் சிறியது என்பதாலேயே போலி என்று முடிவுகட்டிவிட முடியாது. அஷீல் கொலா உருவாக்கிய, சிலைகளை அளவு குறைத்துப் படியெடுக்கும் இயந்திரத்தைக் கொண்டு, வெண்கல வார்ப்பாளர் பார்பதியன் 1838இல் அவருடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் ஒரே சிலையைப் பல அளவுகளில் முறையாகவே வெளியிட்டது. ஆகவே, அதே மாதிரிக்கு ஏல நிறுவனங்கள் பதிவுசெய்துள்ள உயரங்களோடு ஒப்பிட்டு, அவற்றுள் ஒன்றைவிடச் சிறிதளவே குறைந்திருந்தால் மட்டும் ஐயம் கொள்ளுங்கள்.

சிற்பியின் பெயரைவிட வார்ப்பகத்தின் முத்திரைக்கு நான் அதிக மதிப்புத் தருவேன். பிரெஞ்சுச் சிற்பி ஃபால்கியேரின் ‘மயிலுடன் பெண்’ சிலையின் வெண்கலப் படிகளில் தியேபோ வார்ப்பகத்தின் பெயரைத் தேடுவது அதனால்தான். ஆயினும் முத்திரையையும் போலியாக இடுவோர் உண்டு. வீட்டுக்குள் வைத்துப் பேணிய வெண்கலம் பெரும்பாலும் பழுப்பாகவே இருக்கும் என்பதால், மேனியெங்கும் ஒரே சீராகப் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தால் அது அமிலம் தடவி உண்டாக்கியதா என்று சந்தேகிக்கலாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், பீடத்தின் அடிப்புறத்தையும் பறவையின் இணைப்பையும் அருகில் எடுத்த படங்களாகக் கேட்டு வாங்குங்கள்.