ஹைபிரிடா, கரண்ட் காரா: விசுவமடு ரீச்சருக்கு ஒரு பதில்

கேள்வி: அண்ணை, நான் விசுவமடு. கிளிநொச்சியில படிப்பிக்கிறன், போக வர ஒரு நாளைக்கு 50 கிலோமீற்றர் வரும். மாசத்தில ஒருக்கா யாழ்ப்பாணம், மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்கா கொழும்பு. இவர் பாவிச்ச லீஃப் ஒண்டு பாத்து வச்சிருக்கிறார், கரண்ட் கார். தம்பி ஹைபிரிட் அக்வா எண்டுறான், மச்சாள் வாகன் ஆர் எண்டுறா. எதை எடுக்கிறது?

தங்கச்சி, மூண்டு பேரும் பிழையாச் சொல்லேல்லை, ஆனா ஒருத்தரும் உங்கட றோட்டை யோசிக்கேல்லை. ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினும் கரண்ட் மோட்டரும் சேந்து ஓடுற கார், உண்மையா மிச்சம் பிடிக்கிறது கொழும்பு மாதிரி நிண்டு நிண்டு போற இடத்திலதான், ஏனெண்டா பிறேக் பிடிக்கேக்க வீணாப் போற வலுவைத்தான் அது திருப்பி பற்றரியில போடுது. நீங்கள் பரந்தன் முல்லைத்தீவு றோட்டால 60ல சீரா வருவியள், குறுக்க மாடு வந்தால்தான் பிறேக், அப்ப பிடிக்க என்ன கிடக்கு? அதுக்காக அக்வா நட்டமில்லை, அதின்ர எஞ்சினே சிக்கனமானது, லீற்றருக்கு 20 கிட்டத் தரும், ஆனா விக்கிறவர் சொல்ற 30ஐ நம்பி காசை எண்ணாதேங்கோ.

வாகன் ஆரை ஹைபிரிட் எண்டு சொன்னாலும் அது மைல்ட் ஹைபிரிட். சின்ன மோட்டர் ஒண்டு 660 சீசீ எஞ்சினுக்குக் கை குடுக்கும், அவ்வளவுதான், கரண்டில தனிய தூரம் இழுத்துக்கொண்டு போகாது. பெற்றோல் கார் எண்டே நினைச்சு வாங்கினால் நல்ல கார், பழுது வந்தாலும் ஊர் கராஜில பாக்கலாம்.

இனி லீஃப். அவர் பாத்தது 24 கிலோவாட்-மணிப் பற்றரி போட்டது எண்டால் வேண்டாம் எண்டு நேராவே சொல்லுறன். அதில பற்றரியைக் குளிராக்கிறதுக்கு எண்டு ஒண்டும் இல்லை, காத்து பட்டு ஆறினால்தான் உண்டு, எங்கட வெயில் உங்களுக்குத் தெரியும்தானே. மீற்றர் போட்டில சார்ஜைக் காட்டுற பெரிய கட்டங்களுக்குப் பக்கத்தில, பற்றரியின்ர பலத்தைக் காட்டுற 12 சின்னக் கட்டம் இருக்கும், அதில எத்தினை மிஞ்சிக் கிடக்கு எண்டு பாருங்கோ. முதல் கட்டம் போகேக்கயே 15 வீதம் கிட்டப் போயிட்டுது எண்டு அர்த்தம். 8 கட்டத்தோட நிக்கிற வாகனம் ஏசியும் போட்டு ஓடினால் உங்கட 50ஐ ஓடி முடிக்கும், ஆனா யாழ்ப்பாணம் போட்டு சார்ஜ் போடாமல் திரும்பி வராது. 40 கிலோவாட்-மணி எண்டால் கதை வேற, அதை யோசிக்கலாம், கொழும்புக்குக் கிளிநொச்சியில ரயில் ஏறலாம்.

ஆனா கரண்ட் பில்லையும் பாருங்கோ, இதை ஒருத்தரும் சொல்லமாட்டினம். 22 பள்ளிக்கூட நாள், 1100 கிலோமீற்றர், ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர் ஓடுது எண்டு வச்சாலும் 180 யூனிட்டுக்கு மேல வரும். வீட்டுப் பாவனை 90 எண்டால் எல்லாம் சேந்து 270, அப்ப 180க்கு மேல போற யூனிட் எல்லாம் ஆகக்கூடின விலைக்குப் போகும். கூரையில சோலார் இருந்தால் இந்தக் கவலை இல்லை. இல்லாட்டி இரவு பத்தரையில இருந்து விடிய அஞ்சரை வரைக்கும் குறைஞ்ச விலையில தாற நேரக் கட்டணம் உங்கட இணைப்புக்குச் சரிவருமோ எண்டு மின்சார சபையில கேளுங்கோ. அக்வாவுக்கு அதே தூரத்துக்கு 55 லீற்றர் பெற்றோல் போகும், இண்டைக்கு என்ன விலையோ அதால பெருக்கிப் பாருங்கோ. (இரவில போடுற கரண்டில நுரைச்சோலை மின் நிலையத்தில எரிக்கிற நிலக்கரியும் கிடக்கு, அதால புகையே இல்லாத கார் எண்டு பெருசாச் சொல்ல ஏலாது. வருசா வருசம் புகைப் பரிசோதனைக்கு அலையத் தேவையில்லை, அது உண்மை.) 2022ல பெற்றோல் 470 ரூபாய்க்குப் போய் கியூவில படுத்தெழும்பின ஆக்களுக்கு கரண்ட் காரில ஆசை வாறது நியாயம்தான், நானும் படுத்தனான்.

என்னைக் கேட்டால், வீட்டில சோலார் இல்லாட்டி அக்வா. ஆனா 2012, 13 ஆண்டு வாகனம் எண்டால் பற்றரி கடைசிக் காலத்தில நிக்கும், மாத்த லட்சக்கணக்கில போகும், விலை பேசேக்கயே அதைக் கழியுங்கோ. உள்ளுக்க 20 துண்டு இருக்கு, பழுதான ஒண்டை மட்டும் மாத்தித் தாறன் எண்டு சொல்றவையின்ர கதையைக் கேக்காதேங்கோ, பழசுகளுக்கு நடுவில ஒண்டைச் செருகினால் கொஞ்ச மாசத்தில பக்கத்தில இருக்கிறது போகும், திரும்பக் காசு. கம்பியூட்டர் போட்டு பற்றரித் துண்டுகளின்ர வோல்ற்றேஜைக் காட்டச் சொல்லுங்கோ, மறுத்தால் எழும்பி வாங்கோ.

வாங்கின பிறகு ஒரு வேலை இருக்கு. பின் சீற்றுக்குப் பக்கத்தில பற்றரிக்குக் காத்து இழுக்கிற ஓட்டை ஒண்டு கிடக்கும், உங்கட ஒழுங்கைக் கிறவல் புழுதி முழுக்க அதுக்குள்ளதான் போய் அடையும், அடைஞ்சால் பற்றரி கொதிக்கும். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அதைத் துப்பரவாக்குங்கோ, கொப்பிக் கட்டை அதுக்கு முன்னால அடுக்காதேங்கோ. மார்கழியில றோட்டை மூடி வெள்ளம் நிண்டால் அண்டைக்கு பஸ்ஸில போங்கோ.