கம்ப்யூட்டரில் ஒழுங்கு, போனில் குழப்பம்

கேள்வி: ஓவியம் வரையக் கற்றுத்தருகிறேன். வகுப்புக்காக ஒரு விஷுவல் எடிட்டரில் நானே இழுத்துப்போட்டு மூன்று பக்க வெப்சைட் செய்தேன். கம்ப்யூட்டரில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. போனில் திறந்தால் தலைப்பு பட்டன்மேல் ஏறி நிற்கிறது, நடுவில் பெரிய வெற்றிடம். கோடிங் தெரியாததுதான் காரணமா?

பதில்: அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1990-ல், வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதிய முதல் பிரவுசரே ஒரு எடிட்டரும்கூட. படிக்கிற ஜன்னலிலேயே எழுதவும் திருத்தவும் செய்யலாம். அதனால் தயங்க வேண்டாம், நீங்கள் சரியான வழியில்தான் இருக்கிறீர்கள்.

ஓவியர் என்பதால் ஒன்று சொன்னால் உடனே புரியும். உங்கள் தாளின் அகலம் மாறாது. வெப் பக்கத்தின் அகலம் பார்ப்பவரின் திரையைப் பொறுத்தது. பிக்சல் என்பது திரையை அளக்கும் சின்னப் புள்ளி. கம்ப்யூட்டரில் 1,400 பிக்சலுக்கு விரிந்த பக்கம், போனில் 400-க்குள் அடங்க வேண்டும். தலைப்பையும் பட்டனையும் கண்ணளவில் இழுத்து வைத்தால் இரண்டும் அந்தந்த இடத்திலேயே ஆணியடித்த மாதிரி நின்றுவிடும். அகலம் குறையும்போது முட்டிக்கொள்ளும். முதலில் பெட்டி மாதிரி ஒரு செக்‌ஷன் போடுங்கள், அதற்குள் தலைப்பு, அதன் கீழ் பத்தி, அதன் கீழ் பட்டன் என்று அடுக்குங்கள். அப்புறம் திரை எவ்வளவு சுருங்கினாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும்.

வெற்றிடத்துக்குக் காரணம் பெரும்பாலும் என்டர் கீதான். என் முதல் வெப்சைட்டில் நானும் இடைவெளிக்காக ஏழெட்டு முறை என்டர் தட்டினேன். போனில் அத்தனையும் காலி வரிகளாக நின்று, போன் நம்பரை எங்கோ அடியில் தள்ளிவிட்டன. பல நாள் கழித்து ஒருவர் “நம்பரே போடவில்லையே?” என்று கேட்டபோதுதான் கவனித்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இடைவெளி வேண்டுமென்றால் பேடிங், மார்ஜின் என்ற இரண்டு அமைப்புகள் இருக்கும். பெட்டிக்கு உள்ளே விடுவது பேடிங், வெளியே விடுவது மார்ஜின். போனுக்குத் தனி அளவு கொடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

தமிழில் செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் சொற்கள் நீளம். 60 பிக்சல் எழுத்தில் ‘ஓவியப்பயிற்சி’ என்று போட்டால் போனில் ஓரம் தாண்டிப் போகும், அல்லது கண்ட இடத்தில் உடையும். போன் காட்சிக்கு மாறி அதை 30-க்குக் குறையுங்கள். பட்டனில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ வேண்டாம், ‘அழைக்க’ போதும். வரி இடைவெளியை 1.6 ஆக்குங்கள், அதாவது எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு. ‘கி’யின் கொக்கி மேலே போகிறது, ‘கூ’வின் வால் கீழே இறங்குகிறது. நெருக்கி வைத்தால் மேல்வரியும் கீழ்வரியும் உரசும். எடிட்டரில் ஆயத்தமாக வரும் டெம்ப்ளேட்டுகள் பலவும் ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்தவை, இதை யோசிப்பதில்லை.

பப்ளிஷ் கொடுக்கும் முன் எடிட்டரின் பிரிவியூவோடு விடாமல், நிஜ போனில் திறந்து கட்டைவிரலால் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: படத்தை எடிட்டரில் சின்னதாக்கிவிட்டேன். ஆனாலும் பக்கம் திறக்க நேரமாகிறதே?

பதில்: மூலையைப் பிடித்து இழுத்தால் பல எடிட்டர்களில் பார்வைக்கு மட்டும்தான் படம் சுருங்கும். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் ஏறக்குறைய 4,000 பிக்சல் அகலம். பக்கத்தில் 300 பிக்சலாகத் தெரிந்தாலும் முழு ஃபைலும் இறங்கும். ஏற்றும் முன்பே 1,600 பிக்சலுக்குக் குறைத்துவிடுங்கள், திரை முழுக்க வரும் படத்துக்குக்கூட அது பெரும்பாலும் போதும். கையோடு ஆல்ட் டெக்ஸ்டும், அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் குறிப்பும், எழுதுங்கள். ‘படம் 3’ என்று எழுதினால் பார்வையற்றவருக்கு என்ன பயன்? ‘ஜன்னலோரம் தூங்கும் பூனை, பென்சில் ஓவியம்’ என்றால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் அதைப் படித்துக்காட்டும், அவர் மனத்திலும் பூனை வரும்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தன் கணக்கிலேயே டொமைன் (வெப்சைட்டின் முகவரி) வாங்கித் தருகிறேன் என்கிறார். சரியா?

பதில்: வேண்டாம். உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல் கொடுத்து நீங்களே பதியுங்கள். எடிட்டர் பிடிக்காவிட்டால் வேறு இடத்தில் பக்கத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். முகவரி இன்னொருவர் கையில் இருந்தால், அதை அங்கே திருப்பிவிடக்கூட அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.